வறண்ட பூமியில் கூசும் பற்கள்

பங்குனி வெயிலில் மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு வீடு திரும்பியவர் மண்பானையில் செம்பை முக்கி, அண்ணாந்து ஒரு மடக்குக் குடிக்கிறார். உடனே முகம் கோணுகிறது. கை கன்னத்துக்குப் போகிறது. இரண்டு மூன்று நொடிதான், வந்த சுவடு தெரியாமல் வலி போய்விடுகிறது. "பல்லு கூசுது, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, மீதித் தண்ணீரை வாயின் மறுபக்கம் ஒதுக்கிக் குடித்து முடிக்கிறார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை, கரிசலும் சீமைக்கருவேலமும் மாறி மாறி வரும் இந்த வானம் பார்த்த பூமியில் இதைப் பார்த்திராதவர்கள் குறைவு.

ஏன் கூசுகிறது என்று கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். வயசாகிவிட்டது என்பார்கள். ஊர் உப்புத் தண்ணி அப்படி என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்குமே பல் சரியில்லை என்பார்கள். மூன்று பதில்களும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: செய்வதற்கு ஒன்றுமில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த அத்தியாயம் அந்த முடிவை மறுக்கிறது. பல் கூச்சத்துக்குப் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால், பெரிய செலவு இல்லாமலே குறைக்கவும் முடியும். அதற்கு முதலில் பல்லின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

உணர்ச்சியற்ற ஓடு, உயிருள்ள உள்ளறை

பல்லின் வெளிப்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உருவான படிகங்கள். கடைவாய்ப் பல்லின் மேட்டில் இதன் தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதிக்கு வரவர மெலிந்து, அங்கே முடிந்துவிடுகிறது. எனாமலில் நரம்பு இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, உயிரணுக்களும் இல்லை. அதைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எனவே எனாமலுக்கு வலி தெரியாது. அதே காரணத்தால், தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளர்வதும் இல்லை. வெட்டுக்காயம் ஆறும், முறிந்த எலும்பு கூடும், போன எனாமல் போனதுதான்.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். இதில் கனிமம் 70 சதவீதம் அளவே. மீதி புரதமும் நீரும். டென்டினின் சிறப்பு அதன் துளைகளில் இருக்கிறது. உள்ளே உள்ள பற்கூழிலிருந்து வெளிப்புறம் நோக்கி நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. பற்கூழை ஒட்டிய இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சுமார் 45,000 குழாய்கள். வெளிப்புறத்தில் சுமார் 20,000. ஒவ்வொன்றின் விட்டமும் ஒன்று முதல் இரண்டரை மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கி புதிதாக வந்த 17-ஆம் நூற்றாண்டிலேயே, டச்சு நாட்டுத் துணி வணிகரான லேவன்ஹுக் பல்லை அதன் கீழ் வைத்து இந்தக் குழாய்களைக் கண்டு எழுதியிருக்கிறார்.

நடுவில் இருப்பது பற்கூழ். இரத்த நாளமும் நரம்பும் நிறைந்த, உயிருள்ள உள்ளறை அது. குழாய்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அவற்றுக்குள் ஒரு நீர்மம் நிரம்பியிருக்கிறது. வெளியே எனாமலும், வேர்ப்பகுதியில் சிமென்டம் என்ற மெல்லிய உறையும், அதன்மேல் ஈறும் மூடியிருக்கும்வரை இந்தக் குழாய்களின் வாய் அடைபட்டே இருக்கும். மூடி விலகினால்தான் கூச்சம் தொடங்குகிறது.

நீர்மம் அசைந்தால் நரம்பு அறியும்

டென்டின் வெளியே தெரிந்தால் வலிப்பது ஏன் என்பது பல் மருத்துவத்தில் நெடுநாள் புதிராக இருந்தது. குழாய்களின் முழு நீளத்துக்கும் நரம்பு ஓடுவதில்லை. உள்முனையில் சிறிது தூரத்துக்குத்தான் நரம்பு நுழைந்திருக்கிறது. வெளிமுனையில் நரம்பே கிடையாது. ஆனால் தொட்டால் வலிக்கும் இடம் அந்த வெளிமுனைதான். வெளியே பட்ட குளிர்ச்சியை உள்ளே இருக்கும் நரம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் அறிவது எப்படி?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆல்ஃபிரட் கீசி, குழாய்களில் உள்ள நீர்மம் அசைவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 1900-இல் கருத்துச் சொன்னார். அதைச் சோதனைகளால் நிலைநாட்டியவர் சுவீடனின் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம். 1960-களில் அவர் செய்த சோதனைகள் எளிமையானவை. திறந்த டென்டின்மேல் காற்றை ஊதினார், வலித்தது. ஈரத்தை உறிஞ்சும் காய்ந்த காகிதத்தை வைத்தார், அப்போதும் வலித்தது. காகிதத்தில் குளிர்ச்சியோ புளிப்போ இல்லை. அது செய்த ஒரே வேலை குழாயின் வாயிலிருந்து நீர்மத்தை இழுத்ததுதான். இன்னொரு சான்றும் இருந்தது. வலியைத் தூண்டும் இரசாயனங்களை டென்டின்மேல் தடவினால் வலிப்பதில்லை. மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தடவினால் வலி நிற்பதும் இல்லை. நரம்பு வெளிப்பரப்பில் இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்க வேண்டும்.

கண்மாயில் மடையைத் திறந்தவுடன், நெடுந்தொலைவில் வாய்க்காலில் மிதக்கும் தக்கை ஆடத் தொடங்குவது போல, வெளிமுனையில் நீர்மம் அசைந்ததும் உள்முனையில் நரம்பு அதிர்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் நீர்மம் வெளிநோக்கி ஓடுகிறது. சூடு பட்டால் உள்நோக்கி நகர்கிறது. வெளிநோக்கிய ஓட்டத்துக்கு நரம்பு அதிகமாகத் துடிக்கும் என்பதால்தான் பெரும்பாலோருக்குச் சூடான டீயைவிடக் குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது. சர்க்கரைப்பாகு போன்ற அடர்த்தியான இனிப்பு, நீர்மத்தைத் தன்பக்கம் இழுக்கிறது. அதனால் ஜிலேபி கடித்தாலும் கூசுகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் வாய் திறந்து பேசும்போது காற்றுப்பட்டுக் கூசுவதும் இதே கணக்குத்தான்: காற்று ஈரத்தை உலர்த்துகிறது, நீர்மம் நகர்கிறது.

பிரிட்டனில் அப்சி, ஆடி, ஆடம்ஸ் ஆகிய மூவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சித்திரத்தை முழுமையாக்கியது. கூசும் பற்களையும் கூசாத பற்களையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். கூசும் பல்லில் திறந்திருக்கும் குழாய்களின் எண்ணிக்கை சுமார் எட்டு மடங்கு. ஒவ்வொன்றின் விட்டமும் சுமார் இரண்டு மடங்கு. விட்டம் இரண்டு மடங்கு என்றால் ஓட்டமும் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே கண்டறிந்த விதி வேறு மாதிரி சொல்கிறது. மெல்லிய குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். விட்டம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்கு. நல்ல செய்தியும் இதே விதியில்தான் இருக்கிறது. குழாயின் வாயைப் பாதியாகக் குறுக்கிவிட்டாலே ஓட்டம் 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கூச்சத்துக்கான சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கின்மேல் நிற்கின்றன.

மூடி விலகும் இரண்டு வழிகள்

டென்டின் வெளிப்படுவது இரண்டு வழிகளில். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது ஒன்று. எனாமல் தேய்வது அல்லது கரைவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு.

ஈறு இறங்குவதுதான் அதிகம். பல்லின் கழுத்தில் சிமென்டத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. ஈறு விலகியபின் சில மாதத் தேய்ப்பிலேயே அது போய்விடும். போதாக்குறைக்கு, சுமார் பத்துப் பற்களில் ஒன்றில் எனாமலும் சிமென்டமும் ஒன்றையொன்று தொடாமலே முடிகின்றன. அங்கே ஈறு ஒன்றுதான் மூடி.

ஈறு இறங்குவதற்கு அழுத்தித் தேய்ப்பது ஒரு காரணம். ஈறில் சீழும் இரத்தக் கசிவுமாக வரும் ஈறு நோய் இன்னொன்று. பல் இடுக்கில் படியும் கிருமிப் படலத்தின்மேல், உமிழ்நீரில் உள்ள கால்சியம் இறுகித்தான் காரை உருவாகிறது. காரை ஏற ஏற ஈறு கீழிறங்குகிறது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது வேகமாக நடக்கும்.

வயதைப் பழிசொல்வது ஏன் சரியில்லை என்பதும் இங்கே விளங்கும். பல் கூச்சம் அதிகம் காணப்படுவது 20 முதல் 50 வயதுக்குள், முப்பதுகளில் உச்சம். வயது ஏற ஏறப் பற்கூழ் உள்ளிருந்து புது டென்டினைப் படியவைத்துச் சுருங்குகிறது. குழாய்களும் கனிமம் படிந்து அடைபடுகின்றன. அதனால் எழுபது வயதுப் பாட்டியின் தேய்ந்த பல் கூசாமல் இருக்க, முப்பத்தைந்து வயது மருமகளின் பல் கூசுவதில் வியப்பில்லை.

தொழிலும் பல்லில் எழுதப்படுகிறது. அருப்புக்கோட்டை தறிகளின் ஊர். சுற்றுப்புறக் கிராமங்கள் மல்லிகைக்குப் பேர்போனவை. இழையைப் பல்லால் கடித்து அறுப்பதும், பூக்கட்டும்போது நாரையும் நூலையும் பல்லில் கவ்வி இழுப்பதும் கை சும்மா இல்லாதபோது தானாக வருகிற பழக்கம். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நூல் பட்டால் முன்பல்லின் விளிம்பில் பள்ளம் விழும். மடியில் ஒரு சின்னக் கத்தரி இருந்தால் அந்தப் பல் பிழைக்கும்.

தேய்ப்பதில் வரும் தேய்மானம்

இந்த வட்டாரத்தில் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. இருந்தும் பெரியவர்கள் பலர் இன்னும் அடுப்புக்கரி, உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி, உப்பு என்று கைக்குக் கிடைத்ததை வைத்துப் பல் விளக்குகிறார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கரித்தூளுக்குப் பஞ்சமில்லை. இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிட வேண்டியதில்லை. எது எவ்வளவு கடினம் என்று பார்த்தால் போதும்.

கனிமங்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் இருக்கிறது. வைரத்துக்கு அதில் 10. எனாமலுக்கு சுமார் 5. டென்டினுக்கு 3 அல்லது சற்று அதிகம். மணலிலும் செங்கல் பொடியிலும் உள்ள குவார்ட்ஸ் 7. அதாவது செங்கல் பொடி எனாமலையே கீறும். திறந்துகிடக்கும் டென்டினை வாரிக்கொண்டு போகும். நெல் உமியில் சிலிக்கா மிகுதி. எரித்தபின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுதான். உமிக்கரியால் பல் பளிச்சிடுவது உண்மை. அந்தப் பளிச்சுக்குக் கொடுக்கிற விலை மேற்பரப்பு. உப்பின் கடினம் 2.5 தான், அதனால் எனாமலைக் கீற முடியாது. ஆனால் கல்லுப்பைப் பொடிக்காமல் அழுத்தித் தேய்த்தால் ஈறு புண்ணாகும். புதிய நாகரிகமாகக் கடைக்கு வந்திருக்கும் கரி கலந்த பேஸ்ட்டுகள் பல்லுக்கு நல்லது என்று காட்டப் போதுமான சான்று இல்லை.

வேப்பங்குச்சியையும் ஆலங்குச்சியையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நுனியை நன்றாக மென்று மெத்தென்று தும்பாக்கி, பல்லின் போக்கிலேயே மேலும் கீழுமாகத் தேய்த்தால் அது நல்ல பிரஷ்தான். நாரை மெல்லாமல் குச்சியின் ஓரத்தால் குறுக்கே இழுத்தால், அதுவே பல்லின் கழுத்தில் வெட்டு விழக் காரணமாகும்.

பிரஷ் வைத்திருப்பவர்களும் இதே தவறைச் செய்கிறோம். வேகமாக, அழுத்தி, குறுக்கே, ஐந்து நிமிடம் தேய்த்தால்தான் சுத்தம் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. கண்ணாடி முன் நின்று உதட்டை இழுத்துப் பாருங்கள். வலக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கக் கோரைப் பல்லிலும் அதை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களிலும் ஈறு கூடுதலாக இறங்கி, கழுத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் தெரியும். முதலில் பிரஷ் படுகிற இடம், முழு வேகத்தோடு படுகிற இடம் அது. தண்ணீரில் இருக்கும் உப்புக்கு இடப்பக்கம் வலப்பக்கம் தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தது கைதான்.

புளிப்பின் வேதியியல்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கரிசலைக் கிளறினால் சுக்கான்கல் கிடைக்கும். அந்தக் கல்மேல் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் நுரை பொங்கும். அமிலத்தில் கால்சியம் கார்பனேட் கரைகிறது. எனாமல் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. நுரைக்காது, ஆனால் அதுவும் அமிலத்தில் கரையும்.

அமிலத்தை அளப்பது பி.எச். என்ற எண். 7 என்றால் நடுநிலை; குறையக் குறைய அமிலம் கூடும். வாயில் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கனிமத்தை இழக்கத் தொடங்குகிறது. டென்டின் இன்னும் மென்மையானது, 6.5-ஐ ஒட்டியே கரைய ஆரம்பித்துவிடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 முதல் 2.6 வரை. புளிக்கரைசல் 3-ஐ ஒட்டி இருக்கும். குளிர்பானங்கள் பெரும்பாலும் 2.5-க்கும் 3.5-க்கும் இடையில். சோடாவும் கலரும் இந்தப் பக்கம் புதிதல்ல. 1916-இலேயே விருதுநகரில் காளிமார்க் தொடங்கிவிட்டது. எந்தக் கம்பெனிப் பானமாக இருந்தாலும் அமிலத்தின் கணக்கு ஒன்றுதான். பாட்டிலைத் திறந்து ஒருமணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பவரின் பல், ஒரே மூச்சில் குடித்து முடிப்பவரின் பல்லைவிட அதிகம் கரையும். அளவைவிட, அமிலம் பல்லில் தங்கும் நேரம்தான் முக்கியம்.

இதனால் புளிக்குழம்பையே விட்டுவிட வேண்டியதில்லை. சோற்றோடு பிசைந்து சாப்பிட்டு முடிக்கிற குழம்பு பல்லில் அதிக நேரம் நிற்பதில்லை. மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அதைக் கழுவிவிடுகிறது. மடியில் புளியங்காயும் மாங்காயும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடிப்பதும், வேலைத்தளத்தில் அடிக்கடி எலுமிச்சை சோடா குடிப்பதும்தான் கெடுதல். தயிர் புளித்தாலும் பல்லை அரிப்பதில்லை. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து மேலும் எடுக்க அதற்கு வாய்ப்பில்லை. கம்மங்கூழில் கெட்டித் தயிர் விட்டுக் கரைத்துக் குடிக்கிற கரிசல்காட்டு வழக்கம் பல்லுக்கு நல்லதே.

நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. புளிப்பு பட்டவுடன் எனாமலின் மேற்பரப்பு சற்று நேரம் இளகி இருக்கும். உமிழ்நீர் அதைத் திரும்ப இறுக்க அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். அதற்குள் பிரஷ் போட்டால் இளகியதெல்லாம் உதிர்ந்துவிடும். புளிப்புச் சாப்பிட்டதும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள், பிரஷ் பிறகு. நெஞ்செரிச்சலால் அடிக்கடி அமிலம் மேலேறி வருபவர்களுக்கும், மசக்கையில் வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

உமிழ்நீரும் ஊர்த் தண்ணீரும்

இவ்வளவு தாக்குதலுக்கும் உடம்பு வைத்திருக்கும் பதில் உமிழ்நீர். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அமிலத்தைத் தணிக்கிறது, கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது, திறந்த குழாய்களின் வாயில் கனிமத்தைப் படியவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூடவும் செய்கிறது. வாய் உலர்ந்தால் இந்தக் காவல் போய்விடும். வெயிலில் நாள் முழுக்க நின்று, தாகத்தை அடக்கிக்கொண்டு, கடைசியில் ஒரு கலரால் தீர்த்துக்கொள்வது வறண்ட பூமியில் பல்லுக்கு நேரும் பெரிய கெடுதல். உலர்ந்த வாயில் அமிலம் பட்டால் தணிக்க ஆளில்லை. வேலைக்குப் போகும்போது தூக்குவாளியோடு ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் போவது பல்லுக்கும் மருந்து.

இனி உப்புத் தண்ணி. நாக்குக்குத் தெரியும் உவர்ப்பு பல்லைக் கூசவைப்பதில்லை. நாக்குக்குத் தெரியாத ஒன்று தண்ணீரில் இருக்கலாம்; அது ஃபுளோரைடு. பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகளில் இது கரைந்து வரும். கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை. சிறிய அளவில் அது எனாமலை உறுதியாக்குகிறது. பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதிக ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் எனாமல் சரியாக இறுகாமல் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். கடுமையான நிலையில் குழிவிழுந்து உடைந்து, டென்டினைத் திறந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்தத் துன்பத்தை நெடுநாள் அனுபவித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் இடம்பெற்றது.

நம் பக்கம் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் ஊர் ஆழ்துளைக் கிணறுதான் கதி. அந்தத் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். ஊராட்சி இதைச் செய்துகொடுக்கும்படி கேட்பது மக்களின் உரிமை. ஃபுளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் அடர்த்திதான் ஆகும்.

கூச்சமா, வேறு நோயா?

பல் கூச்சம் என்று சொல்லத்தக்கது குறுகிய, கூர்மையான வலி. தூண்டுதல் பட்டால் வரும், விலகினால் நின்றுவிடும். இந்த இலக்கணத்துக்குள் வராத வலியைக் கூச்சம் என்று நினைத்து பேஸ்ட் மாற்றிக்கொண்டிருந்தால் பல் போய்விடும்.

குளிர்ச்சி விலகிய பிறகும் நிமிடக்கணக்கில் வலி நீடித்தால் பற்கூழில் வீக்கம் இருக்கக்கூடும். ஒன்றும் சாப்பிடாமலே வலி வருவதும், இரவில் தூக்கத்தைக் கலைப்பதும், சூடு பட்டால் கூடுவதும் அதே அடையாளம். ஒரே ஒரு பல் மட்டும் இனிப்புக்கு வலித்தால் சொத்தையைத் தேட வேண்டும். கடித்து விடும்போது சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கிராம்புத் தைலம் வலியைச் சற்று நேரம் மரக்கச் செய்யும், நோயைத் தொடாது. ஈறில் ஊற்றிக்கொண்டால் வெந்துபோகும்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை காரணத்தை நிறுத்துவது. இளகிய நாருள்ள பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷை முஷ்டியில் பிடிக்காமல் பேனாவைப் போல விரல்களில் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். ஈறுக்குச் சாய்வாக வைத்து மெல்ல வட்டமாகச் சுழற்ற வேண்டும். கூசுகிறது என்று அந்தப் பல்லை மட்டும் தேய்க்காமல் விடுவது ஆபத்து. அங்கே படலம் சேர்ந்து, ஈறு மேலும் இறங்கி, கூச்சம் இன்னும் கூடும். தண்ணீர் கூசினால் வெதுவெதுப்பாக்கிக் கொப்பளிக்கலாம்.

இரண்டாவது, கூச்சத்துக்கான பேஸ்ட். இவற்றில் இரண்டு வகை உண்டு. 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பை அமைதிப்படுத்துகின்றன: பொட்டாசியம் குழாய் வழியே உள்ளே சேர்ந்து, நரம்பு எளிதில் துடிக்காதபடி செய்கிறது. இதை 1974-இல் அமெரிக்காவின் ஹோடோஷ் முதலில் எடுத்துச் சொன்னார். ஸ்டானஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின், உயிர்க்கண்ணாடி எனப்படும் கால்சியம் கலவை ஆகியவை உள்ள பேஸ்ட்டுகள் குழாய்களின் வாயை அடைக்கின்றன. எதுவானாலும் ஒருநாளில் பலன் தெரியாது. குறைந்தது நான்கு வாரம், தினம் இருமுறை. ஒரு வாரம் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்துவதுதான் பலரும் செய்வது. தேய்த்தபின் எச்சிலைத் துப்பினால் போதும். அண்டா நீரில் கழுவிவிடாதீர்கள். படுக்கப் போகுமுன் கூசும் இடத்தில் விரலால் சிறிது தடவி விட்டுவிடுவதும் உதவும்.

அதன்பிறகும் குறையாவிட்டால் பல் மருத்துவர். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. அங்கே முதலில் காரணம் தேடுவார்கள். ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது, கழுத்துப் பள்ளத்தைப் பல் நிறச் சிமென்டால் நிரப்புவது, ஈறு நோய்க்குச் சிகிச்சை என்று படிப்படியாகப் போவார்கள். இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கு உறை கொடுப்பார்கள். வேர் சிகிச்சை கடைசிப் படி. பெரும்பாலோருக்கு அதுவரை போக வேண்டி வராது.

"கிளீன் பண்ணுனா பல்லு ஆடும், கூசும்" என்ற பயம் இங்கே பலரை மருத்துவரிடமிருந்து தள்ளிவைக்கிறது. காரை எடுத்தபின் சில நாள் கூசுவது உண்மை. காரை மூடியிருந்த வேர் முதல் தடவையாகத் திறப்பதால் அப்படி. சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில், உமிழ்நீர் அதைச் சரிசெய்துவிடும். பல் ஆடுவது காரையால் எலும்பு கரைந்ததன் விளைவு. காரை அந்த ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. எடுக்காமல் விட்டால் பல் ஒருநாள் தானே விழும்.

கூசுகிற பல் உங்களிடம் நேரடியாகக் கேட்பது கொஞ்சம்தான். இன்றிரவு கண்ணாடி முன் நின்று ஈறுகளைப் பாருங்கள். பிரஷ்ஷின் நார் நாலாபக்கமும் விரிந்திருந்தால் மாற்றுங்கள். வீட்டில் செங்கல் பொடி இருந்தால் எறிந்துவிடுங்கள். நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மழை வருவதும் வராததும் நம் கையில் இல்லை. பல்லின் தேய்மானம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.